மலைக்கு மூன்று மணி, கடற்கரைக்குப் பத்து மணி

கள்ளக்குறிச்சியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆவணி, புரட்டாசியில் வானிலை அறிக்கையில் தினமும் 'உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்கிறார்கள். அந்த ஓரிரு இடம் பெரும்பாலும் எங்கள் கல்வராயன் மலையாகவே இருக்கிறது. காலையில் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறும்போது வானம் பளிச்சென்று இருக்கும். மதியம் மூன்று மணிக்கு அங்கே கொட்டித் தீர்க்கிறது. எங்கள் ஊருக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறது. மலை மழையை இழுக்கிறது என்கிறார்களே, எதைக் கொண்டு இழுக்கிறது?"

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 'மலை மேகத்தைத் தடுத்து மழையாக இறக்குகிறது' என்பது. பள்ளிப் பாடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் சொன்ன விளக்கத்தை அப்படியே தூக்கி எல்லா மலைக்கும் வைத்துவிடுகிறோம். வாசகர் கேட்ட மழைக்கு அது பொருந்தாது. காலையில் மேகமே இல்லையென்று அவரே எழுதியிருக்கிறார். இல்லாத மேகத்தை எந்த மலை தடுக்கும்? ஆவணி மாதத்து மதிய மேகம் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. மலையின் மேலேயே முளைக்கிறது. தொலைக்காட்சியில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதே வெப்பமும் அதே வெயிலும் கள்ளக்குறிச்சிக்கும் உண்டே, அங்கே ஏன் முதலில் முளைக்கவில்லை என்பதுதான் கேள்வியின் உயிர். அதற்கான விடை எனக்குத் தெரிந்த வானிலைச் செய்திகளிலேயே மிக அழகானது.

முதலில் இடம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பரப்பு ஏறக்குறைய 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே ஜவ்வாது மலை, மேற்கே சித்தேரியும் சேர்வராயனும், தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் பச்சைமலையும் கொல்லிமலையும். கிழக்கே தடையே இல்லை. கச்சிராயபாளையத்தில் மலை இறங்கினால் வங்கக் கடல் வரை சமவெளிதான். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலைமேல் பெரும்பகுதி இரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரம் அடி வரை உயரமுள்ள மேட்டு நிலம். அதற்கும் மேலே எழும் முகடுகளும் உண்டு. இடையிடையே கோமுகி போன்ற ஓடைகளும் ஆறுகளும் அறுத்த பள்ளங்கள். மரவள்ளி, சாமை, நெல் என்று மலையாளிப் பழங்குடி மக்களின் விவசாயம். ஊட்டியின் உயரத்தில் பாதிகூட வராத இந்த மேட்டு நிலம், அந்த உயரத்தை வைத்துக்கொண்டு செய்யும் காரியத்தைப் பாருங்கள்.

ஆவணி மதியம் கள்ளக்குறிச்சியில் 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலே போகப்போகக் காற்று நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். ஆக, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு நேர்மேலே, எழுநூறு மீட்டர் உயரத்தில் மிதக்கும் காற்றின் வெப்பம் 29 டிகிரி. அதே மட்டத்தில் மேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் வெள்ளிமலை. அங்கே அந்த உயரத்தில் தரை இருக்கிறது. வெயில் பட்ட பாறையும் உழுத மண்ணும் தார்ச்சாலையும் தங்களைத் தொடும் காற்றைச் சுடவைக்கின்றன. அதன் வெப்பம் 31 டிகிரி என்று கொள்ளுங்கள். வெள்ளிமலையில் நிற்பவருக்கு 31 என்பது இதமான வெப்பம்; கள்ளக்குறிச்சிக்காரர் அதை அனுபவிக்கவே மலையேறுகிறார். ஆனால் காற்றின் கணக்கு வேறு. காற்று தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது அடிவாரத்தோடு அல்ல, அதே உயரத்தில் பக்கத்தில் இருக்கும் காற்றோடு. அந்தக் கணக்கில் மலைமேல் இருக்கும் காற்று இரண்டு டிகிரி சூடு அதிகம். குளிர்ந்த மலை என்று நாம் சொல்லும் இடம், அந்த உயரத்தில் சுற்றுவட்டாரத்திலேயே சூடான இடம்.

இரண்டு டிகிரி என்றால் எவ்வளவு? ஒரு கன மீட்டர் காற்றில் ஏழு கிராம் எடை குறையும். அவ்வளவுதான். ஆனால் ஒரு மலை முழுக்க, கன மீட்டர் கன மீட்டராக ஏழு கிராம் குறைந்தால், அந்தக் காற்று மேலே எழும்; காலியாகும் இடத்துக்குச் சரிவின் கீழிருந்து காற்று ஏறி வரும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் இந்த ஏற்றம் தொடங்கிவிடும். நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகம். இலை அசையும், அவ்வளவே. மலையேறும்போது முதுகில் படும் அந்த இளங்காற்றைப் பலரும் உணர்ந்திருப்பார்கள்.

இதற்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் காற்று சமவெளியின் காற்றைவிடச் சீக்கிரம் சூடாகும். வாய்ப்பரப்பு ஒன்றாக இருந்தால் உள்ளே விழும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் சமவெளிக்கு மேலே இருப்பது செங்குத்தான ஒரு பெட்டி நிறையக் காற்று. பள்ளத்தாக்கிலோ இருபுறச் சரிவுகளும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. குறுக்குவெட்டு முக்கோணமாக இருந்தால் காற்று பாதிதான். வெயில் அதே அளவு, சூடாக்க வேண்டிய காற்று பாதி. அதனால் வெப்பம் ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. கோமுகிப் பள்ளத்தாக்கு இப்படிச் சூடாகி, அடிவாரத்துக் காற்றை வாய் வழியே உள்ளே இழுத்து, மேல்முனையில் மலைமேட்டுக்கு ஏற்றிவிடுகிறது. வாசகர் கேட்ட 'எதைக் கொண்டு இழுக்கிறது' என்பதற்கு நேர்ப் பதில் இதுதான்: உயரத்தில் இருக்கும் தரையைக் கொண்டும், காற்று குறைவாக இருக்கும் பள்ளத்தைக் கொண்டும்.

கிழக்கே கச்சிராயபாளையம் பக்கமிருந்து ஒரு காற்று ஏறுகிறது. வடகிழக்கே சங்கராபுரம் பக்கமிருந்து ஒன்று. மேற்கே கருமந்துறை பக்கமிருந்து ஒன்று. எல்லாம் மேட்டு நிலத்தின் மேல் சந்திக்கின்றன. எதிரெதிரே வந்த காற்றுக்குப் பக்கவாட்டில் வழியில்லை. மேலேதான் போக வேண்டும். போகும்போது அடிவாரத்து நெல் வயல்களின் ஈரம், கோமுகி அணையின் ஈரம், காட்டு மரங்கள் வேர்வழி உறிஞ்சி இலைவழி விட்ட ஈரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிறது. பதினொரு மணிவாக்கில் முகட்டுக்கு மேல் முதல் வெண்மேகம் தெரியும். கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். மறுபடி ஒன்று தோன்றும், அதுவும் கரையும். பார்ப்பவருக்கு ஏதோ தோற்றுப்போன முயற்சி போலத் தெரியும். உண்மையில், கரைந்த ஒவ்வொரு மேகமும் தன் ஈரத்தை அந்த உயரத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அடுத்து எழும் மேகத்துக்குச் சுற்றியுள்ள காற்று முன்பைப்போல் வறண்டிருக்காது. அது இன்னும் கொஞ்சம் உயரம் போய்த்தான் கரையும். மதியத்துக்குள் இப்படிப் படி கட்டி மேலே ஏறுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சாந்தா காட்டலினா என்ற மலையில், 2006-ல் விமானமும் கேமராக்களும் ரேடாரும் வைத்து இந்த மதிய மேகங்களின் வளர்ச்சியைக் கட்டம் கட்டமாக ஆராய்ந்தார்கள். அங்கேயும் கோடைப் பருவமழை மலையில்தான் மதியம் பிறக்கும், அந்தியில் சமவெளிக்கு வரும். கல்வராயனுக்கும் அதற்கும் இடையில் பாதி உலகம், விதி ஒன்றே.

மூன்று மணிக்கு மேகம் ஏன் சட்டென்று வெடித்துக் கிளம்புகிறது என்பதற்கு, அடுப்பில் பால் வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் காயும்போது மேலே ஏடு படிகிறது. அடியில் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். மேலே அமைதியாகத் தெரியும். ஏடு இல்லாவிட்டால் ஆவி அவ்வப்போது வெளியேறிவிடும், பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏடு பிடித்து வைப்பதால்தான் ஆவி சேர்கிறது. சேர்ந்து ஓரிடத்தில் கிழியும்போது மொத்தப் பாலும் பொங்கி எழுகிறது. நம் வானத்திலும் ஆவணி மதியங்களில் ஓர் ஏடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வரும் மேல்காற்று, தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் சூடாகவும் வறண்டும் ஒரு படலமாகப் பரவியிருக்கும். கீழிருந்து எழும் ஈரக்காற்று அதில் முட்டித் திரும்பும். கள்ளக்குறிச்சியில் ஒட்டும் வேர்வையும் புழுக்கமும் அப்படித் தேங்கிய ஈரத்தால்தான். அகலமான பாத்திரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தீ எரிந்தால் ஏடு அந்தப் பக்கம்தான் முதலில் உப்பும். கல்வராயன் மலை அந்தத் தீ. சமவெளி முழுக்கப் படலம் கெட்டியாக இருக்கையில், மலைக்கு மேலே மட்டும் அது உப்பி, மெலிந்து, கிழிகிறது. கிழிந்த துளை வழியே அடைபட்ட ஈரமெல்லாம் மேலே பாய்கிறது. தீ மிதமாக இருந்தால் ஏடு கிழியாமல் ஓரங்களில் நுரை மட்டும் தட்டும். அது மேகமூட்டமாக வெயில் மங்கிய நாள், மழை வராது. சமையலறையில் ஒருவர் ஊதிக்கொண்டே நின்றால் பால் பொங்காது. ஆடி மாதத்தில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் மலையின் சூடு சேரவிடாமல் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, மழையும் இல்லை. கேரளத்தில் பருவமழை ஓய்ந்து மேல்காற்று தளரும் நாட்களில் தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் இடிமழை கூடுவதற்கு ஒரு காரணம் இதுவே. கடைசியாக ஒன்று: பொங்கிய பால் வழிந்து அடுப்பை அணைத்துவிடும். மலையில் மழை கொட்டியதும் மேகம் வெயிலை மறைக்கிறது, தரை நனைந்து குளிர்கிறது, தீ அணைகிறது. ஐந்து மணிக்கு வெள்ளிமலையில் வானம் வெளுத்துவிடும். வழிந்த பால் மேடையில் பரவுவதுபோல, அங்கிருந்து ஏதோ ஒன்று கள்ளக்குறிச்சியை நோக்கி இறங்கத் தொடங்கியிருக்கும்.

அந்த 'ஏதோ ஒன்றை'ச் சொல்லும் முன் மேகத்துக்குள் நடப்பதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். நீராவி நீராகும்போது, அது ஆவியாக வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. ஒரு கிலோ நீருக்கு 25 லட்சம் ஜூல். மலைமேல் பத்து சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தது என்றால், அது பத்து கோடி லிட்டர் நீர். அது மேகத்துக்குள் விட்ட வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஏழு கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் கோடையில் ஒரு நாள் செலவழிக்கும் மின்சாரம் நாற்பது கோடி யூனிட் அளவில் இருக்கிறது. குடை கொண்டுபோகலாமா வேண்டாமா என்று நாம் யோசிக்கும் ஒரு சாதாரண மழைக்குள் மாநிலத்தின் ஒரு நாள் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு. இந்த வெப்பம்தான் மேகத்தைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. ரசாயனம் தூவி மழை வரவழைக்கிறோம், மேகத்தைக் கலைக்கிறோம் என்று அவ்வப்போது வரும் அறிவிப்புகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இறங்கி வருவது. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி, வழியிலுள்ள வறண்ட காற்றில் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று குளிர்ந்து, கனத்து, மழையோடு சேர்ந்து தரையில் விழுகிறது. விழுந்த வேகத்தில் நாலாபக்கமும் பரவுகிறது. மலைமேல் விழுந்த குளிர்காற்றுக்குச் சரிவு வேறு உதவி செய்கிறது. பள்ளத்தாக்குகள் வழியே அது கிழக்கே வெளியேறி, கச்சிராயபாளையம் தாண்டி, சமவெளிக்குள் தரையோடு தரையாக நுழைகிறது. கள்ளக்குறிச்சியில் கடை முன்னால் கட்டிய தார்ப்பாய் படபடக்கும்; புழுதி எழும்பும்; மண் வாசனை வரும். இங்கே இன்னும் ஒரு துளி விழுந்திருக்காது. அந்த வாசனை மலையடிவாரத்து மண்ணுடையது. மழை நனைத்த இடத்திலிருந்து குளிர்காற்று முன்கூட்டியே கொண்டுவந்தது.

இந்தக் குளிர்காற்று வெறும் முன்னறிவிப்போடு நிற்பதில்லை. கனமான அது சமவெளியின் சூடான ஈரக்காற்றுக்கு அடியில் நுழைந்து, அதைத் தூக்கிவிடுகிறது. மலை செய்த வேலையை இப்போது குளிர்காற்றின் முனை செய்கிறது. மலையில் பிறந்த மேகம் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் செத்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு வருவது அதன் பிள்ளை. அது பெய்து, அதன் குளிர்காற்று கிழக்கே இன்னொன்றை எழுப்பும். ஏன் கிழக்கே? தென்மேற்குப் பருவ மாதங்களில் நம் தலைக்கு மேலே இரண்டு, மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் வீசுவது மேல்காற்று. மேகங்கள் அதோடுதான் நகரும். ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சி, எட்டு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம். இதற்குள் மதியம் கடலிலிருந்து கிளம்பிய கடற்காற்று உள்ளே பல கிலோமீட்டர் வந்திருக்கும். இரண்டும் முட்டும் இடத்தில் மழை மறுபடி உக்கிரமாகும். இரவு பத்து மணிக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் மின்னல் வெட்டும். தினமும் இப்படி ஒழுங்காக நடக்கும் என்று சொல்லவில்லை. பல நாள் இந்தப் பயணம் நடுவழியில் தீர்ந்துவிடும். ஆனால் ஆவணி, புரட்டாசியில் சென்னை உட்பட வட தமிழகக் கடற்கரைக்கு இடிமழை பெரும்பாலும் அந்திக்குப் பிறகும் இரவிலும் வருவதற்குக் காரணம் இந்தப் பயண நேரமே. கடற்கரை ஊர்கள் இரவில் வாங்கும் மழையின் பிறப்புச் சான்றிதழ் மதியத்து மலைகளில் இருக்கிறது.

வரலாறு கொஞ்சம். இதெல்லாம் மிகச் சமீபத்தில் தெரியவந்தது. சென்னையில் வானாய்வு நிலையம் 1792-லேயே வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல். ஆனால் இடிமேகத்தின் பிறப்பு, வளர்ச்சி, இறப்பு என்ற மூன்று கட்டங்களை யாரும் உள்ளே புகுந்து பார்த்ததில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து மிஞ்சிய போர் விமானங்களை 1946-லும் 1947-லும் புளோரிடா, ஒஹாயோ மாநிலங்களின் இடிமேகங்களுக்குள் அடுக்கடுக்கான உயரங்களில் ஓட்டச் செய்து, ஹோரஸ் பையர்ஸ், ரோஸ்கோ பிரஹாம் இருவரும் 1949-ல் அதை எழுதினார்கள். பள்ளத்தாக்குக் காற்றின் கணக்கை அதற்குச் சற்று முன் ஆஸ்திரியர்கள் ஆல்ப்ஸ் மலையில் போட்டிருந்தார்கள். இதற்கு மேல் பெயர்ப் பட்டியல் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஆட்டம் மாறிவிடும். வடகிழக்குப் பருவத்தில் காற்று வங்கக் கடலிலிருந்து நேரே வருகிறது. மேகம் தயாராகவே வருகிறது. கடற்கரைக்கும் கல்வராயனுக்கும் இடையில் சொல்லும்படியான மலை ஏதும் இல்லை. ஈரக்காற்று கிழக்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து கூடுதல் மழையைத் தருகிறது. 'மலை தடுத்து இறக்குகிறது' என்ற பாடப்புத்தக விடை இந்த மாதங்களுக்குச் சரி. மழை மதியம் மூன்று மணிக்குக் காத்திருக்காது; இரவும் பகலும் நசநசவென்று பெய்யும், பெரியார் அருவியும் மேகம் அருவியும் நிறையும், கோமுகி அணைக்கு நீர் வரும். மார்கழியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில், மதியம் மேலேறிய காற்று எதிர்த்திசையில் சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அதனால் விடியற்காலைப் பனிமூட்டம் முகட்டைவிடப் பள்ளத்தில்தான் அடர்த்தி.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் இந்தப் பருவத்தின் கொடூரமான முகத்தைக் காட்டியது. கரையேறியும் நகராமல் நின்றது. பிறகு அதன் மிச்சம் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வழியாக மேற்கே மெதுவாகப் போனது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில், கல்வராயனுக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. கடலோர ஊர்களுக்கே அரிதான அளவு, கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டு தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம். திருவண்ணாமலையில் மண்சரிவில் ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் இறந்தார்கள். அந்த மழைக்குப் பிரதான காரணம் புயலின் மிச்சம் மெதுவாக நகர்ந்தது. குறுக்கே இருந்த மலைகள் அதற்குக் கூடுதல் ஏற்றம் கொடுத்தன.

இப்படிப்பட்ட மழை வந்தால் உடனே 'மேகவெடிப்பு' என்று தலைப்பு போடும் பழக்கம் பரவியிருக்கிறது. இந்திய வானிலைத் துறை அந்தச் சொல்லுக்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறது: இருபது முப்பது சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஒரு நாள் முழுக்கப் பெய்த மொத்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. மணிவாரி அளவு வேண்டும். மலைமேல் பல இடங்களில் அந்த அளவு எடுக்கக் கருவியே இல்லாதபோது தலைப்பு மட்டும் எங்கிருந்து வருகிறது? வெள்ளிமலையை 'ஏழைகளின் ஊட்டி' என்று விற்கும் பயண விளம்பரங்களும் அதே ரகம். ஊட்டி 2,240 மீட்டர். வெள்ளிமலை அதைவிட வெகு தாழ்வு, அதனால் சூடும் அதிகம். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு வந்து இறங்குபவர்கள் ஏமாறுவார்கள். இந்த மலைக்கென்று சொல்ல உண்மையான பெருமை இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு?

கைபேசிச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வெள்ளிமலை, மாலை 4 மணி, மழை வாய்ப்பு 62 சதவீதம்' என்று காட்டும்போது, வெள்ளிமலைக்கென்று யாரோ கணக்குப் போட்டதாகத் தோன்றும். அப்படி இல்லை. உலக அளவிலான கணினி மாதிரிகள் பூமியை ஒன்பது, பன்னிரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் முகடும் பள்ளமும் சராசரியாகித் தட்டையாகிவிடும். கோமுகிப் பள்ளத்தாக்கின் முக்கோணம் அதில் மறைந்துபோகிறது. மதிய மழையைப் பிறப்பிப்பதோ அந்த முக்கோணம்தான். புனேயில் உருவாக்கப்பட்டு 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' கட்டத்தை ஆறு கிலோமீட்டராகச் சுருக்கியிருக்கிறது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனாலும் ஒரு கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்கு ஆறு கிலோமீட்டர் கட்டம் பெரிதுதான்.

ரேடாரிலும் இதே சிக்கல். சென்னை ரேடாருக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைந்திருப்பதால், அங்கிருந்து கிளம்பும் கதிர் கல்வராயனுக்கு வரும்போது நாலு கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். காரைக்கால் ரேடார் கொஞ்சம் பக்கம். அதற்கும் மூன்று கிலோமீட்டர் வாக்கில்தான் பார்வை. மேகம் வளர்ந்து பெரிதான பிறகு தெரியும், பிறக்கும்போது தெரியாது. ஏற்காட்டில் ரேடார் வைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அது வந்தால் கல்வராயனின் மதிய மேகங்களை முளைக்கும்போதே பார்க்கலாம். கள்ளக்குறிச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே எச்சரிக்கை கிடைக்கும். வயலில் வேலை செய்யும்போது மின்னல் தாக்கிச் சாகிறவர்களை நினைத்தால், அந்த இரண்டு மணி நேரம் எந்தச் செயலியின் சதவீதத்தைவிடவும் பெரிது.

ரேடார் வரும்வரை செய்ய ஒன்று இருக்கிறது. அதை வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களிடமும், அடிவாரத்தில் கச்சிராயபாளையம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அன்றாட மழையளவு காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரைக்குமான மொத்தமாகப் பதிவாகிறது. மூன்று மணிக்குப் பெய்ததா, இரவு பத்துக்குப் பெய்ததா என்பது அந்த மொத்தத்துக்குள் மறைந்துபோகும். நம் மழையின் கதையே நேரத்தில்தான் இருக்கிறது. பக்கங்கள் நேராக, அடி தட்டையாக இருக்கும் ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரத்துக்கும் கட்டடத்துக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அசையாமல் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு நீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து, கொட்டிவிட்டு, மறுபடி வையுங்கள். அதோடு மூன்று விஷயங்களை மாணவர்கள் எழுதட்டும்: முகட்டில் முதல் மேகம் தெரிந்த நேரம், முதல் துளி விழுந்த நேரம், அதற்குச் சற்று முன் குளிர்காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது. மலைமேல் நான்கு பள்ளி, கீழே மூன்று பள்ளி ஒரே மாதிரி எழுதினால், புரட்டாசி முடிவதற்குள் மழை எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்பதை உங்கள் நோட்டுகளை வரிசையாக வைத்தே வரைந்துவிடலாம். ஆடி பிறக்கும் முன் தொடங்கிவிடுங்கள். நோட்டின் நகலை எனக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் அந்த வரைபடத்தை வெளியிடுகிறேன்.